மாமரத்தடியில் கொடுத்த வாக்கு

தாதா, என் வங்காளத்து அண்ணா,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். டாக்குரியா ஸ்டேஷன் டீக்கடையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். இன்று காலை அதே பிளாட்பாரத்தில் பாருய்பூர் கொய்யா வாசனை அடித்தது. நீ கூடையோடு இறங்குவாய் என்று கால் தானாக நின்றுவிட்டது. உனக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் எழுத வராது. பரவாயில்லை, திட்டுவதற்குத் தமிழ்தான் வசதி.

புல் மண்டிய நிலத்தை உன்னிடம் வாரத்துக்கு விட்டார் ஜாதவ்பூர் பாபு. கன்று உன்னுடையது, தண்ணீர் உன்னுடையது, ஒடிந்த முதுகும் உன்னுடையது. காய்த்தால் மட்டும் பாதிப் பாதி! கன்று நட்ட அன்று வரப்போரத்து மாமரத்தடியில் அவர் உனக்கு வாக்குக் கொடுத்தார். "வாரக்காரன் என்று சர்க்காரில் பதிந்துகொள்" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "பெரிய மனுஷர் பேச்சு மாறமாட்டார்" என்று சிரித்தாய்.

மாறினார். உன் காரியம் முடிந்த கையோடு, கொய்யா கொத்துக்கொத்தாகத் தொங்கும்போது வந்து நின்றார். "பௌதி, ஆள் போனதோடு வாரமும் போச்சு. நிலத்தை விட்டுடுங்க" என்று உன் மனைவியிடம் சொன்னாராம். பௌதியாம், அண்ணியாம்! காய்க்கிறவரை வாயைத் திறக்காத மனுஷர்! அவள் எங்கே போவாள்? அந்த மரங்களைத் தவிர அவளுக்கு என்ன இருக்கிறது?

ரயில் என்ஜினையே அதட்டி நிறுத்தியவன் நான், சும்மா இருப்பேனா? போனேன். மாமரத்தடியில் பாபுவைச் சுற்றி ஊர் கூடியிருந்தது.

"பாபு, 'கொய்யா நிற்கிறவரை நீ, உனக்குப் பின்னால் உன் பெண்டாட்டி' என்று இந்த மரத்தடியில்தானே சொன்னீர்கள்? நான் இங்கேதான் நின்றேன். இளநீர் குடித்துக்கொண்டே சொன்னீர்கள், மீசையில்கூட ஒழுகியது!"

பாபுவுக்கு முகம் சிவந்தது. "புளுகாதே மதராஸி! நீ அங்கே இல்லவே இல்லை. நானும் அவனும் மட்டும்தான் இருந்தோம். நான் குடித்தது டீ!"

பௌதி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "அப்போ சொன்னது நிஜம்தானே, பாபு?"

ஊரே சாட்சியாகிவிட்டது. வாரத்தை அவள் பெயரில் பதிய பாபு அங்கேயே தலையாட்டிவிட்டுப் போனார். ஒரு விதவை அழுது கேட்டபோது வராத ஞாபகம், மீசையைச் சொன்னதும் வந்ததே!

உனக்குத்தான் தெரியுமே, தாதா. நான் அன்று சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் டியூட்டியில் இருந்தேன். அந்த வாக்கு நீ பிளாட்பாரத்தில் பூரிப்போடு சொன்னது. அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் மரத்தடியில் நின்றதும் அந்த இளநீரும்தான் என் கைச்சரக்கு.