கெசட்டின் தொடக்கம்

1986 செப்டம்பர் 11, வியாழன்

எங்கள் றொக் இசைக்குழுவின் பாட்டுக் கெசட் இன்று கடைக்கு வந்துவிட்டது. இவ்வளவு நீளமான பாட்டுகளை யார் வாங்குவார்கள் என்று கொழும்பு ஒலிப்பதிவுக் கொம்பனி எட்டு வருடம் முடக்கி வைத்திருந்தது. டிரம்ஸ் அடித்த ஜவாத் மௌத்தாகி இரண்டு மாதம்.

மருதமுனையில் அவன் மனைவி, எனக்கு ராத்தா, புருஷன் இறந்த துக்கக் காலத்தில் பிற ஆண்கள் பார்க்காமல் இத்தா இருக்கிறார். திரைக்கு வெளியே உட்கார்ந்து கெசட்டைப் போட்டேன். முதல் பாட்டு முடிந்ததும் உள்ளேயிருந்து கேட்டார்.

“அவர் பிஸ்மி சொல்ற எங்க தம்பி?”

அடிக்கத் தொடங்குமுன் ஜவாத் அல்லாஹ்வின் பெயரால் என்று வாய்விட்டு பிஸ்மி சொல்வான். அவர்கள் வீட்டிலிருந்த முதல் பதிவின் பழைய பிரதியில் அது இருந்தது. அவன் போனபிறகு ராத்தா அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டதில் நாடா அறுந்துபோனது. எட்டு வருடம் தூங்கிய கொம்பனிக்காரர்களுக்கு அந்த ஒரு சொல்தான் இடைஞ்சலாம்.

“அத வெட்டிட்டாங்க ராத்தா.”

“பாட்டுல அவர்ர குரல் இல்லயே தம்பி. இனி என்னத்த நான் கேக்கிற?”

டிரம்ஸ் சத்தம் அவன்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். கெசட்டைக் கழற்றிக்கொண்டு எழும்பினேன்.

என் வீட்டுக்கு வந்து மறுபடி போட்டுப் பார்த்தேன். பிஸ்மி சொல்லாமல் அவன் ஒருநாளும் குச்சியைத் தொட்டதில்லை. இந்தக் கெசட்டில் மட்டும் அடிக்கிறான்.