வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தீர்ப்பு

மார்ச் 8, திங்கள்

காலையிலேயே வெயில். இந்த வருஷம் முதல் தடவையாக ஃபேன். வெள்ளியோடு ஹைகோர்ட்டில் என் இரண்டு வருஷ அடிஷனல் ஜட்ஜ் பதவி முடிகிறது. நிரந்தரமாக்கும் உத்தரவு இன்னும் வரவில்லை.

எமர்ஜென்சியில் பிடித்துக்கொண்டுபோன காலேஜ் வாத்தியாரின் வழக்கு. காவல் உத்தரவில் கையெழுத்துப் போட்ட அதிகாரி அன்றைக்கு ஊரிலேயே இல்லை. விடுவிக்க வேண்டியதுதான். தீர்ப்பு டைப் ஆகி டிராயரில். இன்னும் கோர்ட்டில் படிக்கவில்லை. ஏன் என்று எனக்கே தெரியும்.

மார்ச் 9, செவ்வாய்

மூத்த நீதிபதி ம. டீக்கு அழைத்தார். (முழுப் பெயர் வேண்டாம், காலம் சரியில்லை.) உங்கள் உத்தரவு முதலில் வரட்டும், பிறகு படித்தால் யாருக்கு நஷ்டம் என்றார். நியாயமாகத்தான் பட்டது.

உத்தரவே வராவிட்டால்? நான் படிக்காத தீர்ப்பு வெறும் காகிதம். வேறு ஜட்ஜ், முதலிலிருந்து விசாரணை. அதுவரை வாத்தியார் உள்ளே.

வாங்க: பல்பு, காபிப்பொடி, பிரஷர் மாத்திரை.

மார்ச் 10, புதன்

கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியிருந்து, குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே சாயங்கால வகுப்பில் சட்டம் படித்தவன். இந்த நாற்காலிக்கு வர இருபத்திரண்டு வருஷம். விட மனசு வரவில்லை. பயம். வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக வேண்டாம்.

மனைவி சரஸ்வதியிடம் எல்லாம் சொன்னேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அந்த வாத்தியார் சம்சாரம் எத்தன வாட்டி கோர்ட்டுக்கு வந்துட்டுப் போயிருக்கா?"

ஒன்பது, என்றேன்.

"அப்ப நாளைக்கே படிச்சிருங்க. வீட்டக் காலி பண்ண எனக்கு ரெண்டு நாள் போதும்."

மார்ச் 11, வியாழன்

பத்தரைக்குப் படித்தேன். ஒரு இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்தேன். விடுதலை. வக்கீல்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ம. டீக்கு வரவில்லை. வாத்தியார் மனைவி கடைசி பெஞ்சில் அழாமல் உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 12, வெள்ளி

உத்தரவு வரவில்லை. இனி வராது. நாலு மணிக்கு அங்கியை மடித்துப் பையில் வைத்தேன்.

வழக்குக் கட்டுகளைக் கவனிக்கும் கோர்ட் மாஸ்டர் கதவைச் சாத்திவிட்டு மெல்லச் சொன்னார். நேற்று சாயங்காலம் ஜெயில் வாசலிலேயே புதுக் காவல் உத்தரவோடு போலீஸ் வேன். வாத்தியார் மறுபடி உள்ளே. எரிச்சல், அவமானம், என்னென்னவோ.

வீட்டில் சரஸ்வதி கேட்டது ஒன்றுதான்.

"அந்தம்மா அவரப் பாத்தாளா?"

பார்த்தாளாம். வேன் கதவைச் சாத்துகிற வரை கையை விடவில்லையாம்.