நாலு கிலோ இருநூறு

கச்சிராயபாளையம்,
ஆவணி 9.

அன்புள்ள மாமாவுக்கு,

செவ்வந்தி எழுதுவது. நானும் உங்கள் மகளும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுத இன்னும் பத்து நாளாவது ஆகும். தையல் ஆறவில்லை. உட்கார முடியாமல் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. நாலு கிலோ இருநூறு கிராம். தொடையெல்லாம் மடிப்பு மடிப்பாக இருக்கிறது. நெற்றி உங்களுடையது. இங்கே மலர்விழி வீட்டில்தான் இருக்கிறோம். உங்கள் தங்கை நம் பிள்ளையைக் கீழே விடுவதே இல்லை.

வக்கீல் உங்களிடம் சுகப்பிரசவம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார். அதைக் கேட்டு நீங்கள் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். சிறையில் கடிதங்களை அதிகாரிகள் படித்த பிறகுதான் கொடுப்பார்களாம். படிக்கட்டும்.

ஒன்பதாம் மாத ஸ்கேனில் குழந்தை நாலு கிலோவுக்கு மேல் வரும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளோடு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்றேன். மலையில் நம் ஊருக்குப் போகிற வெள்ளிமலை பஸ் வந்தது, போனது. எனக்கு ஏறத் தோன்றவில்லை. மலர்விழியின் பிள்ளையும் நாலு கிலோ. அது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. கடைசியில் கச்சிராயபாளையம் பஸ் ஏறி அவள் வீட்டுக்கே வந்துவிட்டேன்.

அவளுக்குப் பிள்ளை பிறந்த அன்றைக்கு நடந்ததை நாம் இரண்டு பேரும் மூன்று வருஷமாக வேறு மாதிரி சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். நடந்தது இதுதான். தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்திருந்த உங்கள் தங்கைக்கு விடிகாலையில் வலி வந்தது. ஜீப் வாசலுக்கே வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் மலைக்குக் கீழே அனுப்பி வயிற்றை அறுத்துவிடுவார்கள் என்று நீங்கள்தான் அதைத் திருப்பி அனுப்பினீர்கள். "எங்க வூட்டுப் பொண்ணு மேல எவனும் கத்தி வைக்க வேணாம்" என்றீர்கள். மறுநாள் மத்தியானம் அவளுக்குக் குரலே போன பிறகுதான் மலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். போகும்போதே உள்ளே துடிப்பு நின்றிருந்தது. அங்கே இருந்த நர்ஸ் தனியாளாகப் போராடி, தலை வந்தும் தோள் உள்ளே மாட்டிக்கொண்டிருந்த பிள்ளையை எடுத்தார். அது நீலம் பாரித்து, அசையாமல் வந்தது.

மருந்து பாட்டில் மாட்டும் இரும்புக் கம்பியைப் பிடுங்கி அவரை அடித்தீர்கள். முதல் அடியை இடது கையால் தடுத்தார். காய்ந்த சோளத்தட்டை முறிவது போல எலும்பு முறிந்தது. இரண்டாவது அடியில் வாய் கிழிந்தது. விழுந்த பிறகும் உதைத்தீர்கள். கட்டிலில் மலர்விழிக்கு ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. அதை நிறுத்தத் தெரிந்த ஒரே ஆளை நீங்கள் தரையில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தீர்கள். எழுந்து நிற்க முடியாமல், தவழ்ந்து போய், ஒரே கையால் அவளுக்கு ஊசி போட்டார் அவர். நான் கதவோரம் நின்றேன். ஒரு சத்தம்கூடப் போடவில்லை. பிறகு, நீங்கள் ஜாமீனில் வெளியே இருந்தபோது, கோர்ட்டில் கூண்டேறி, "அவுங்களே வழுக்கி வுழுந்தாங்க" என்று சொன்னேன். கோர்ட் அதை நம்பவில்லை; நான் மாசமாக இருக்கும்போதுதான் உங்களுக்குத் தண்டனை வந்தது.

அன்றிலிருந்து பெரிய குழந்தை என்றாலே எனக்கு அந்தத் தரைதான் கண்ணில் வரும். சாப்பிட்டால் பிள்ளை இன்னும் பெருக்கும் என்று சாமைச் சோற்றை ஒரு கையளவாகக் குறைத்தேன். உள்ளே அது உதைக்கும்போதெல்லாம் என்னைக் கிழிக்கத்தான் தயாராகிறது என்று நினைத்தேன். சுமக்கிற வயிற்றிலேயே பிள்ளை மேல் வெறுப்பு வந்தது. இதை யாரிடம் சொல்வது?

கடைசியில் மலர்விழிதான் கண்டுபிடித்தாள். ஒரு நாள் சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு அழுதுகொண்டே பேசினாள். "என் புள்ள பெருசா இருந்ததால சாவல அண்ணி. ஒன்னர நாளு வூட்ல கெடந்ததாலதான் செத்துது. ஜீப்ப திருப்பி அனுப்பிச்சாரே அண்ணன், அதான் கொன்னுது" என்றாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாயால் கேட்டேன். அன்றைக்கு ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

மறுநாளே என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ஆபரேஷன் பண்ணி எடுத்துவிடுங்கள் என்று டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. எனக்குச் சர்க்கரை இல்லை, தலை நன்றாக இறங்கியிருக்கிறது, ஸ்கேனில் சொல்கிற எடை அரை கிலோ முன்பின் இருக்கும் என்றார். பெரிய பிள்ளைகளில் பெரும்பாலானவை தானாகவே பிறந்துவிடும் என்றார். தோள் மாட்டினால் என்ன செய்வார்கள் என்று நான் கேட்டதற்கு மழுப்பவில்லை. ஒரு பொம்மையை வைத்து, காலை எப்படி மடக்குவார்கள், எங்கே அழுத்துவார்கள், உள்ளே இருக்கிற கையை எப்படி எடுப்பார்கள் என்று காட்டினார். "நாலு பேரு கூட இருப்போம். தியேட்டர் பக்கத்துலயே இருக்குது. யோசிச்சுச் சொல்லு. நீ ஆபரேஷன்னு சொன்னாலும் செய்றேன், ஆனா பயந்துக்கினு சொல்லாத" என்றார். இரண்டு நாள் யோசித்தேன். நானே பெறுகிறேன் என்று சொன்னேன்.

வலி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பிரசவ அறையில் என் கேஸ் தாளைப் புரட்டிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்தார். உதட்டில் தழும்பு. அதே நர்ஸ், செந்தமிழ்ச்செல்வி சிஸ்டர். மலையிலிருந்து மாற்றலாகி இங்கேதான் இருக்கிறாராம். எனக்கு வலியெல்லாம் ஒரு நொடி நின்றது. கட்டிலிலிருந்து இறங்கி வெளியே ஓடப் பார்த்தேன். மலர்விழி என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

சிஸ்டர் கதவை மறித்து நின்றார். "தர்மன் சம்சாரம்னு தெரியும். உன் புருசன் மேல எனக்குக் கோவம் இருக்கு, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். அத இந்த ரூமுக்குள்ள கொண்டுக்கினு வர மாட்டேன். வேற சிஸ்டர் வேணும்னா இப்பவே சொல்லு, மாத்தித் தரேன்" என்றார். அடுத்த வலி வந்தது. நான் அவருடைய கையைத்தான் பிடித்தேன். அது இடது கை என்பது பிறகுதான் தெரிந்தது. வளைந்திருந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்குத் தலை வெளியே வந்தது. வந்த தலை ஆமைத் தலை போல மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டது. தோள் மாட்டிக்கொண்டது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவர்கள் முகம் சொன்னது. "தள்ளாத, இப்ப தள்ளாத!" என்று சிஸ்டர் கத்தினார். டாக்டரம்மா ஓடி வந்தார். இரண்டு பேர் என் முழங்காலை மார்போடு சேர்த்து மடக்கினார்கள். டாக்டரம்மா அடிவயிற்றுக்கு மேலே இரண்டு கையாலும் அழுத்தினார். என் எலும்பே விலகுகிற மாதிரி இருந்தது. மலர்விழியின் கையைக் கடித்தேன். வாயில் ரத்தம் வந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

தோள் வரவில்லை. சிஸ்டர் உள்ளே கையை விட்டார். அந்தப் பக்கத்துக்கு இடது கைதான் வாகு. விட்ட கை திரும்பவில்லை, மாமா. மணிக்கட்டு திரும்பவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றார். பிறகு அதை உருவி, இடம் மாறி நின்று, வலது கையை விட்டார். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பத்து நொடியா, இருபதா? நம் பிள்ளை மூச்சில்லாமல் கழுத்து நெரிபட்டுக் கிடந்த நேரம் அது. அந்த நேரத்தை அவளிடமிருந்து பிடுங்கியது நீங்கள் ஓங்கிய கம்பி. நான் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

உள்ளேயிருந்து ஒரு குட்டிக் கை வெளியே வந்தது. அதன் பின்னால் மொத்தப் பிள்ளையும் என்னைக் கிழித்துக்கொண்டு வழுக்கி விழுந்தது. நீலம். சத்தமில்லை. மலர்விழி சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். மூலையில் வைத்து டாக்டரம்மா பிள்ளையின் முதுகைத் தேய்த்தார், முகத்தில் மூடி போட்டுக் காற்று அழுத்தினார். நான் கையெடுத்துக் கும்பிடக்கூட மறந்துபோனேன். அப்புறம் நம் மகள் கத்தினாள் பாருங்கள், அந்த அறையே அதிர்ந்தது. இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு கத்தினாள். எடை போட்ட நர்ஸ் சிரித்தார். என்னைப் பயமுறுத்திய அத்தனை கனமும் என் மார்மேல் கிடந்தது. சூடாக இருந்தது. அதன் மேல் எனக்கு ஒரு வெறுப்பும் மிச்சமில்லை.

தையல் போட்டு முடித்ததும் சிஸ்டரிடம் சொன்னேன், நான் கோர்ட்டில் சொன்னது பொய் என்று. அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "தெரியும். நீ என் மொகத்தப் பாக்காமதான சொன்ன" என்றார். எனக்கு டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நேற்று வக்கீல் ஒரு தாள் கொடுத்தனுப்பினார். அப்பீலோடு சேர்ப்பதற்காம். சிஸ்டர் வழுக்கி விழுந்தார் என்று மறுபடியும் எழுதியிருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன். இதனால் நீங்கள் இன்னும் கொஞ்ச காலம் உள்ளே இருக்க வேண்டிவரும் என்றார். தெரிந்துதான் சொல்கிறேன்.

கோபம் வரும். அந்தக் கோபத்தை இந்தக் காகிதத்தின் மேல் காட்டுங்கள், கிழித்துப் போடுங்கள். ஆறிய பிறகு ஒன்று செய்யுங்கள். வெளியே வருகிற அன்று நேராக இங்கே வராதீர்கள். முதலில் சிஸ்டரைப் பாருங்கள். நான் அவரிடம் கேட்டுவிட்டேன். தனியாக வரக் கூடாது, மலர்விழியோடு வரட்டும் என்றார். மன்னிப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள். என்ன செய்தீர்கள் என்பதை உங்கள் வாயால் அவர் முன்னால் சொல்லுங்கள், போதும். தங்கையிடமும் சொல்லுங்கள், அந்த ஜீப்பைப் பற்றி.

பிறகு வாருங்கள். வாசலில் நில்லுங்கள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவேன். அவளை உங்கள் கையில் தருவேனா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. தர வேண்டும் என்றுதான் நம் மலைச் சாமி கரியராமரைத் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். மழைக்காலம் வருகிறது, வெறும் தரையில் படுக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளைப் பெற்றவள்,
செவ்வந்தி.