செந்தும்பியின் அண்ணன்

மார்ச் 4, செவ்வாய்

வருஷத்தை எண்ணில் சொல்ல எனக்கு வராது. பெரிய பாலம் வெள்ளத்தில் போன வருஷம். அச்சகத்தில் காலால் மிதித்து ஓட்டுகிற மிஷின் போய் கரண்ட் மிஷின் வந்த வருஷம். தங்கச்சிக்குப் பால்பல் விழுந்த வருஷம். அந்த வருஷம்தான் செந்தும்பி படக்கதை முதலில் வந்தது. எனக்குப் பதின்மூன்று வயது, தாள் மடிக்கும் மேசையில் வேலை.

இன்று மகள் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, உங்க தும்பியைப் படமா எடுத்துட்டாங்க" என்றாள். போனில் விளம்பரம் காட்டினாள். நாலு இறக்கை, சிவப்பு முகமூடி. அவனேதான்.

நான் சொல்லச் சொல்ல இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. தேதியும் அதுவே போட்டுக்கொள்கிறது. எழுதினது சரியா தப்பா, எனக்குத் தெரியப்போவதில்லை. அதுவும் ஒரு நிம்மதிதான்.

மார்ச் 6, வியாழன்

நல்ல புத்தகம் எங்கள் கைக்கு வராது. தாளின் ஒரு பக்கம் அடித்து, மறுபக்கம் அடிக்கும் முன்னால் கசங்கிப்போனதை ஃபோர்மேன் வீசுவார். அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மடித்தால் புத்தகம் மாதிரியே வரும். ஆனால் மேலே ஒரு படம், திருப்பினால் இரண்டு பக்கம் வெள்ளை, அப்புறம் இரண்டு பக்கம் படம், மறுபடி வெள்ளை.

வாத்தியார்தான் படித்துச் சொல்வான். வாத்தியார் என்றால் என் கூடப்பிறந்தவன், என்னைவிட நாலு வயது சின்னவன். பிற்பாடு பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போனான். ஏழு வருஷமாக முறை சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அதனால் வாத்தியார். அவன் படிக்க வேண்டும் என்றுதான் நான் அந்த மேசைக்குப் போனேன்.

வெள்ளைப் பக்கம் வந்தாலும் நிறுத்த மாட்டான்.

"இங்க ஒண்ணுமே இல்லையேடா?"

"இங்க நடந்ததை அடுத்த பக்கத்து எழுத்துல சொல்லியிருக்குண்ணா. சும்மா கேளு."

நம்பினேன். எழுத்தால் என்னென்ன முடியும் என்று எனக்கு என்ன தெரியும்?

வெள்ளைப் பக்கங்களில்தான் செந்தும்பியின் அண்ணன் வருவான். கால் சரியில்லாதவன், பறக்க மாட்டான். ஊரிலேயே உயரமான மாடியில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பான். எத்தனை பேரை அடித்துப் போட்டாலும், அந்த விளக்கு இல்லாவிட்டால் செந்தும்பிக்கு இறங்க இடம் தெரியாது. எனக்கு அவனைத்தான் பிடிக்கும்.

மார்ச் 7, வெள்ளி

ஞாயிறு பகல் காட்சிக்கு இரண்டு டிக்கெட். மூன்றாக எடுத்திருக்கலாமோ? யாருக்கு? சும்மா தோன்றியது.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் வரவே இல்லை!

கண்ணாடிக் கோபுரம் வந்தது, பால் வண்டியைத் துரத்துவது வந்தது, எல்லாம் வந்தது. விளக்கு பிடிக்கிறவன் எங்கே? என்ன படம் எடுக்கிறானுங்க — நல்ல இடமா பாத்து வெட்டிப் போட்டுட்டானுங்க.

"அண்ணன் எங்கே?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன் போல. முன் வரிசையில் ஒருத்தன் திரும்பி, "பெருசு, உங்க அண்ணன் பாப்கார்ன் வாங்கப் போயிருப்பார், வந்துடுவார், உக்காருங்க" என்றான். நாலு வரிசை சிரித்தது. மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

மார்ச் 15, சனி

அந்தப் பழைய படக்கதைகளைச் சேர்த்துத் தடியாக மறுபடி போட்டிருக்கிறார்களாம். மகள் வாங்கிவந்தாள். வெள்ளையே இல்லாத புத்தகம்! காலையிலிருந்து ஒரு எழுத்து விடாமல் படித்தாள். நான் எதிரே உட்கார்ந்து, "இப்ப வருவான் பாரு, இப்ப வருவான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் புத்தகத்தை மூடினாள்.

"அண்ணன்னு யாரும் இல்லப்பா. இவனுக்குக் கூடப்பிறந்தவங்களே கிடையாது. நாலாம் பக்கத்துலயே அனாதைன்னு போட்டிருக்கே."

நாலாம் பக்கம் எங்கள் தாளில் இருந்தது. படம் உள்ள பக்கம் அது. அந்த ஒரு சொல்லை மட்டும் வாத்தியார் எனக்குப் படிக்கவில்லை.

ஒன்பது வயசுப் பயல். எதுக்குடா அப்படிச் செஞ்சே?

மார்ச் 16, ஞாயிறு

இதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏழு வருஷம் முன்னால் வாத்தியார் ஓய்வு பெற்ற விழா. வந்தவர்கள் எல்லாரும் ஒரு நோட்டில் வாழ்த்தெழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். என் முறை வந்தது. பேனாவைக் கையில் எடுத்தேன். அவன் ஓடிவந்து அதை வாங்கிக்கொண்டு, "அண்ணனுக்கு எழுத வராது, நானே அவர் பேரைப் போட்டுடறேன்" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அந்த ஒரு கையெழுத்துக்காக ஒரு மாதம் மகளிடம் எழுதிப் பழகியிருந்தேன். சாப்பிடாமல் கிளம்பி வந்துவிட்டேன். மூன்று வருஷம் முன்னால் தங்கச்சி செத்தபோதும் ஆளுக்கொரு மூலையில் நின்றோம்.

"சித்தப்பாவையே கேட்டுடுங்களேன்" என்கிறாள் மகள். கேட்கிறதா? நானா?

மார்ச் 18, செவ்வாய்

மகள்தான் நம்பரை அழுத்திக் கொடுத்தாள்.

"யாரு?"

"நான்தான்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். "அண்ணா?"

"செந்தும்பிக்கு அண்ணனே கிடையாதாமே?"

"எந்தச் செந்தும்பி?"

விளக்கைச் சொன்னேன், மாடியைச் சொன்னேன். நீ தாள் கொண்டுவந்தது நினைவிருக்கிறது, படித்தது நினைவிருக்கிறது, அண்ணன் மட்டும் நினைவில்லை என்றான். "ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். சின்னப் பையன்தானே."

வாய்க்கு வந்ததாம். அம்பது சொச்சம் வருஷமா நான் அதைப் பத்திரமா வச்சிருக்கேன்.

போனை வைக்கப் போனேன். "வைக்காதண்ணா. நீ சொல்லு, நான் கேக்கறேன்" என்றான். காது சுடுகிறவரை சொன்னேன். ஒவ்வொரு வெள்ளைப் பக்கத்தையும் சொன்னேன். முடித்ததும்,

"அன்னிக்கு நோட்டு... நீ எழுதத் தெரியாம திணறுவியோன்னு பயந்துட்டேன்ணா. மத்தவங்க பாப்பாங்களேன்னு."

"ஒரு மாசம் பழகினேன்டா."

அப்புறம் ரொம்ப நேரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான். என்னுடையதா அவனுடையதா, தெரியவில்லை.

மார்ச் 20, வியாழன்

ஞாயிறு காலைக் காட்சிக்கு மூன்று டிக்கெட்.

மார்ச் 23, ஞாயிறு

பஸ்ஸிலிருந்து கைத்தடியோடு இறங்கினான். தலை முழுக்க வெளுத்துவிட்டது. "என்னண்ணா இப்படி இளைச்சுட்ட?" என்றான். "நீ மட்டும் என்ன, பழைய குடை மாதிரி இருக்க" என்றேன். மகள் எங்கள் இரண்டு பேர் பையையும் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள்.

படத்தில் செந்தும்பி அடிபட்டு, ஊருக்கு மேலே இடம் தெரியாமல் சுற்றுகிற கட்டம். இவன் என் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டான்:

"இப்ப மாடியில நிக்கிறாரா?"

"நிக்கிறான். பேசாம பாரு."

வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு எண்ணிப் பார்த்தேன். அந்தத் தாளை அடித்த மிஷின்காரர் இல்லை. வீசின ஃபோர்மேன் இல்லை. துணி மடித்துக்கொண்டே கதை கேட்ட அம்மா இல்லை. "அவருக்குக் கால் சரியாயிடுமா?" என்று தினமும் கேட்ட தங்கச்சியும் இல்லை. என்னை அண்ணா என்று கூப்பிட இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஆள். பக்கத்து அறையில் வாயைத் திறந்துபோட்டுக்கொண்டு பகல் தூக்கம் தூங்குகிறான், என் தம்பி.