ஒட்டிய பக்கத்துக்கு அடியில்

இன்று காலை ஒரகடம் கூட்டு ரோட்டில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பக்கத்தில் கம்பெனி யூனிஃபார்மோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் பையிலிருந்து தைலத்தை எடுத்து இரண்டு கட்டைவிரலிலும் மணிக்கட்டிலும் தேய்த்துக்கொண்டாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் திரும்பிப் பார்த்துவிட்டேன். நீ இல்லை என்று தெரிந்தும் திரும்பினேன். "இன்னா ஆண்ட்டி?" என்றாள் அவள். ஒன்றுமில்லையம்மா என்று சொல்லி, வழி நெடுக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஸ்ரீபெரும்புதூர் அச்சகத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். நம் நாவலை மறுபடி அச்சடிக்க வேண்டும். அச்சகக்காரர் நேற்றே போனில் கேட்டிருந்தார். "கடைசிப் பக்கம் ரெண்டு விதமா கீதும்மா எங்கிட்ட. எத்த போடட்டும்?" நேரில் வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். செபமாலை உருட்டும்போதும் விரலில் அந்தக் கேள்விதான் உருண்டது. அதற்குப் பதில் சொல்ல உரிமையுள்ளவள் நீ ஒருத்திதான். உன்னிடம் கேட்க வழியில்லாததால் எழுதுகிறேன்.

"நம் நாவல்" என்று எழுதிவிட்டேன், பார்த்தாயா? நீ இருந்த காலத்தில் ஒரு தடவைகூட என் வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை.

நீ எங்கள் மாடியில் ஷீட் கூரை போட்ட ரூமுக்குக் குடிவந்தபோது நமக்கு ஒரே வயது, முப்பத்தெட்டு. சரியாகச் சொன்னால் நீ என்னைவிட நாலு மாதம் மூத்தவள். ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாய். "வீட்டுக்காரம்மாவ பேரு சொல்லிக் கூப்பிட்டா கரண்டக் கட் பண்ணிருவியளே" என்று சிரித்தாய். உன் கம்பெனியில் ஒயர் கட்டும் லைனில் எல்லாரும் இருபது வயதுப் பெண்கள். அவர்களுக்கு நீ "சித்தி". அந்தப் பட்டம் உனக்குப் பிடிக்கவே இல்லை.

என் எழுத்து எங்கே தொடங்கியது என்று உனக்குத் தெரியும். எட்டாவதோடு நின்றவள் நான். கல்யாணமாகி வந்ததிலிருந்து வீட்டுக் கணக்கை ஒரு நாள் விடாமல் எழுதுவேன். ஒரு நாள் பக்கத்தின் அடியில் மிச்சமிருந்த இடத்தில், அன்று பூசையில் பார்த்த ஒரு பெண்ணைப் பற்றி நாலு வரி எழுதினேன். மறுநாள் ஆறு வரி. பத்திரிகைகளுக்கு மூன்று கதை அனுப்பினேன். போன தபாலுக்குப் பதில் வரவே இல்லை. "கதெ எழுதிக்கினு கீறியா, அங்க கொழம்பு தீயுது பாரு" என்பார் என் வீட்டுக்காரர். கோபமாகச் சொல்ல மாட்டார். ஆனால் ஒரு வரி படித்ததும் கிடையாது.

நீதான் படித்தாய். கரண்ட் மீட்டர் ரீடிங் எழுதிவைத்த நோட்டைக் கேட்டு வந்தவள், நோட்டைப் பின்பக்கமாகத் திறந்துவிட்டாய். நின்ற இடத்திலேயே பதினோரு பக்கம் படித்தாய். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேருமே பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு உன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாய். கல்யாணமான மூன்றாம் வருடம் திருப்பூருக்கு வேலைக்குப் போன உன் புருஷன், அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டதை. உன் ஊரில் உன்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "ஒன் மேல என்ன கொறையோ" என்று கேட்டதை. பதினோரு வருடமாக அவன் திரும்பி வராததை. இதை நாவலாக எழுதட்டுமா என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை நீ. "எழுதுங்கக்கா. பேர மட்டும் மாத்திருங்க. எங்கூர்ல ஒருத்தனும் புஸ்தகம் படிக்க மாட்டான், ஆனாலும் மாத்திருங்க."

நான் பேனாவால் எழுதினேன். நீ கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து போனில் அடித்தாய். சேரப்பணஞ்சேரியில் ஏறினால் ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிக்கொண்டு பஸ் வல்லம் வடகால் போய்ச் சேர ஒரு மணி நேரம். "எல்லாவளும் வாயப் பொளந்து தூங்குவாளுவ. நான் மட்டும் ஒங்க கூட முழிச்சிருப்பேன்" என்றாய். லைனில் எட்டு மணி நேரம் ஒயர் திருகிய அதே கட்டைவிரல்களால் என் நாவல் முழுவதையும் அடித்தாய். வலிக்கு நீ விரலில் தேய்த்த தைலம் நோட்டில் பட்டு, இன்னும் சில பக்கங்களில் மஞ்சளாகத் தெரிகிறது.

சண்டையும் போட்டோம். இரண்டு பேரும் ஏசுவைக் கும்பிடுகிறவர்கள்தான்; ஆனால் உனக்கு ஞாயிறு ஆராதனை, எனக்குப் பூசை. நான் மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன் என்று சொன்னால் உனக்குப் பொறுக்காது. "நீங்க சூப்பர்வைசர் கைல லெட்டரக் குடுத்துட்டு வாசல்லயே நிக்கிய. நாங்க நேரா மேனேஜர் ரூமுக்கே போயிருவோம்லா."

"போய் இன்னா கெட்ச்சிது? அதே ஷீட் ரூம்ல தானே கீறே?" என்பேன் நான். அப்படிச் சிரித்து இப்போது எவ்வளவு நாளாயிற்று.

நாவலின் முடிவு மட்டும் தொடக்கத்திலிருந்தே என் மனதில் தயாராக இருந்தது. பதினோரு வருடம் கழித்து அவன் வாசலில் வந்து நிற்பான். அவள் கதவை அகலத் திறப்பாள். அழுவாள். அவனை மன்னித்து உள்ளே கூட்டிப்போவாள். கோவில் மணி அடிக்கும். அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் மற்ற நூற்றுத் தொண்ணூறு பக்கத்தையும் எழுதினேன் என்று சொல்லலாம். ஆண்டவர் என்னை எழுதவைத்ததே அதற்காகத்தான் என்று நம்பினேன்.

நீ அடித்து முடித்ததும், அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பிழை பார்த்தோம். போனின் பொடி எழுத்து எனக்குக் கண்ணில் நீர் வரவைக்கும். அதனால் நீ வாசிப்பாய், நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்பேன். என் வாக்கியம் மாறினால் காதுக்குத் தெரிந்துவிடும். கடைசிப் பக்கத்தையும் வாசித்தாய். என் வரிகள், ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல். கோவில் மணி வரைக்கும். வாசிக்கும்போது உன் விரல் திரையில் நகரவே இல்லை. அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

நூறு பிரதி. கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடிக்கிற கடையில் ஒரு நாவல். முதல் பிரதியை மாதாவின் பாதத்தில் வைத்து, சாமியாரிடம் மந்திரித்து வாங்கினேன். பிரித்துப் படிக்கவில்லை. மனப்பாடமாகத் தெரிந்ததை என்ன படிப்பது?

இரண்டு வாரம் கழித்து எங்கள் தெரு அன்பியக் கூட்டத்தில், செபம் முடிந்து டீ குடிக்கும்போது, எதிர்வீட்டு ரோசியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசில கலக்கிட்டடி. ஒரு சொம்பு தண்ணிய குட்த்து, குடிச்சிட்டுப் போங்கன்னு அன்ப்பிச்சிட்டா பாரு! எனுக்கு அந்த தெகிரியம் இல்லாம பூட்ச்சி."

எந்தத் தண்ணீர்? டீயை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். அவன் வாசலில் நிற்கிறான். அவள் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்கிறாள். குடிக்கும் வரை காத்திருந்து சொம்பை வாங்கிக்கொள்கிறாள். "போங்க" என்கிறாள். கேட்டைச் சாத்திவிட்டு இரண்டாம் ஷிப்டுக்குப் பஸ் ஏறுகிறாள். அவ்வளவுதான். மணி இல்லை, அழுகை இல்லை.

நீ முதல் ஷிப்ட் முடிந்து வரும்போது மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாடி இது?"

"எதுக்கா?" என்றாய். என் கையில் புத்தகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தாய். "ஆமாக்கா. நாந்தான் மாத்துனேன். சொன்னா விட மாட்டிய. அதான் ஒங்களத மனப்பாடம் பண்ணி வாசிச்சேன்."

"என் கதெய மாத்தறதுக்கு நீ யாரு?"

"ஒங்க கதையாக்கா அது?"

நான் குரலை உயர்த்தினேன். அப்போதுதான் அதைச் சொன்னாய். "அவன் வந்தாம்க்கா. நீங்க வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருந்தியள்லா, அந்த வாரம். இந்தக் கேட்டுலதான் நின்னான். தண்ணி குடுத்தேன். 'போங்க'ன்னேன். 'போயிட்டு வாங்க'ன்னு சொல்லல. வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்."

எதிரிக்குக்கூட நாம் அந்த 'வாங்க'வைச் சேர்க்காமல் விடுவதில்லை. அதை விழுங்க உனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. "வூடு தேடி வந்தவன வாசல்லயே நிக்க வெச்சி தொரத்தினியா? தெனம் செபம் பண்றவ செய்யற வேலையாடி இது? மன்னிக்கத் தெரியாதவ வேதத்தத் தொடக்கூடாது."

நீ கத்தவில்லை. "மன்னிச்சிட்டேன்க்கா. அதனாலதான் தண்ணி குடுத்தேன்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாய்.

மறுநாளே அச்சகத்துக்குப் போய் என் முடிவை ஒற்றைத் தாளாக அடித்து வாங்கினேன். வீட்டில் மிச்சமிருந்தவை ஐம்பத்தெட்டுப் பிரதிகள். மைதாப் பசை காய்ச்சி, ஒவ்வொரு பிரதியிலும் உன் பக்கத்தின் மேல் என் பக்கத்தை ஒட்டி, உள்ளங்கையால் நீவினேன். தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு இறங்கி வந்த நீ கொஞ்ச நேரம் நின்று பார்த்தாய். "ஓரம் தூக்குதுக்கா. கனமா எதாச்சும் மேல வைங்க" என்றாய். நான் நிமிரவில்லை.

அதற்குப் பிறகும் ஒரு மாதம் மேலேதான் இருந்தாய். உன் செருப்புச் சத்தத்தை வைத்தே ஷிப்ட் மாறியதைத் தெரிந்துகொள்வேன். மாதக் கடைசியில் வல்லம் வடகால் பக்கம் ஒரு விடுதிக்கு மாறினாய். பெட்டியோடு வாசலில் நின்று "போயிட்டு வாரேங்க்கா" என்றாய். எனக்கு அந்த 'வாரேன்' என்ற சொல்லை மிச்சம் வைத்துத்தான் போனாய். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். கேட்காத மாதிரி களைந்துகொண்டே இருந்தேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு மதியம் போனில் உன் பேர் வந்தது. மனம் துள்ளியது. ஆனால் உடனே எடுத்தால் ஏங்கிக் கிடந்தவள் மாதிரி இருக்குமே என்று மூன்று முறை அடிக்கவிட்டு எடுத்தேன். ஆண் குரல் கேட்டது. உன் தம்பி. மஞ்சள்காமாலையோடு லீவில் ஊருக்கு வந்தாயாம். பத்தே நாளாம். "அடக்கம் பண்ணி மூணு நாளாச்சு. போன்ல 'எழுத்தாளர் அக்கா'ன்னு ஒங்க பேரு போட்டிருந்துச்சு. அதான் சொல்லணும்னு தோணிச்சு" என்றான். எழுத்தாளர் என்று என்னை எழுதிவைத்தவள் நீ ஒருத்திதான். அது எனக்குத் தெரியவந்த விதம் இப்படி ஆனது.

யாரிடம் போய் அழுவது? வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அடப்பாவமே, நல்ல பொண்ணு" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. மாடியில் வேறு குடி வந்துவிட்டது.

ஒட்டிய பிரதிகள் பங்குத் திருவிழாவிலும் அங்கே இங்கேயுமாகப் போய், என்னிடம் ஒன்றுதான் மிஞ்சியது. போன வாரம் உன் விடுதியிலிருந்து இரண்டு பெண்கள் விலாசம் விசாரித்து வந்தார்கள். நீ விட்டுப்போன பிரதி ரூம் ரூமாகச் சுற்றி அட்டை கிழிந்துவிட்டதாம். இருபது பேர் வேண்டும் என்கிறார்களாம். மிஞ்சிய பிரதியைக் காட்டினேன். ஒருத்தி நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். முகம் சுருங்கியது.

"இது இல்லக்கா. சித்தி வச்சிருந்தது வேற. அதுல தண்ணி குடுத்து அனுப்பிருவாங்க. அது இருந்தாத்தான் வேணும்."

அவர்கள் போனபின் கெட்டில் ஆவியில் பிடித்து, ஒட்டிய தாளைப் பிரிக்கப் பார்த்தேன். உன் பக்கத்தின் பாதி எழுத்து என் தாளோடு பிய்ந்து வந்துவிட்டது. பசை நன்றாகத்தான் காய்ச்சியிருக்கிறேன்.

இன்று அச்சகத்தில் அவர் மறுபடி கேட்டார். "எத்தம்மா?"

"மொதல்ல அடிச்சீங்களே, அத்து."

"அப்பால தனியா அடிச்சினு போனீங்களே? அதுவும் நல்லாத்தான் இருந்திச்சி. மணிலாம் அடிக்கும்."

"அது வாணாம்" என்றேன். பிறகு, என் பேர் இருக்கும் பக்கத்தில் அடியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். கடைசிப் பக்கத்தை எழுதியவர் என்று போட்டு, உன் பேர். எழுதிக்கொண்டே, "யாரும்மா இவங்கோ? சொந்தமா?" என்று கேட்டார்.

"மாடில குடியிருந்தாங்க" என்றேன்.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லிவிட்டேன். சாமியார் மன்னிப்புக் கொடுத்தார். ஆனால் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம் பன்னிரண்டு படிக்கு மேலே இருந்தது. மன்னிப்பைப் பற்றி ஒரு நாவலே எழுதியவள், அந்த ஒரு மாதத்தில் பன்னிரண்டு படி ஏறவில்லை.

அடுத்த நாவலில் மூன்று அத்தியாயம் முடித்திருக்கிறேன். ஒற்றை விரலால் நானே அடிக்கிறேன். வாசித்துக் காட்ட யாருமில்லை. அடிக்கும்போது நடுவில் கை நின்றுவிடுகிறது. அன்று நான் ஏறி வந்து உன் வாசலில் நின்றிருந்தால், ஒரு சொம்புத் தண்ணீர் நிச்சயம் கொடுத்திருப்பாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குடித்து முடித்து நான் சொம்பைத் திருப்பித் தந்த பிறகு நீ என்ன சொல்லியிருப்பாய்? எவ்வளவோ எழுதுகிறேன், அந்த ஒரு வரியை மட்டும் என்னால் எழுத முடியவில்லை.