எந்தச் சுவரில் மாட்டப் போறீங்க?

அடியே,

இன்று காலை மேசை இழுப்பறையிலிருந்து உன் சி.ஆர். கொப்பியை, அந்தத் தடித்த அட்டை நோட்டை, எடுத்தேன். பத்து மாதமாகத் தொடாமல் வைத்திருந்தது. அட்டையில் மரப்பசை சிந்திக் காய்ந்த இடம் அப்படியே இருக்கிறது. பக்கங்களுக்கு நடுவில் ஒரு கிராம்பு. நீ எந்நேரமும் வாயில் அடக்கிக்கொண்டிருப்பாயே, அதில் ஒன்று தவறி விழுந்திருக்க வேண்டும். கொப்பி முழுக்க அந்த வாசனை ஏறியிருந்தது.

கொட்டகலைக் கடைத்தெருவில் நம் பிரேம் கடைக்கு வந்தவர்களின் சுவர்கள் எல்லாம் அந்தக் கொப்பிக்குள் இருக்கின்றன. ஒரு பெரிய கட்டம். அதற்குள் சின்னக் கட்டம் ஜன்னல். மூலையில் மூன்று கோடு அடுப்பு. கீழே நீளக் கோடு கட்டில். யார் வீடு என்று மட்டும் எழுத மாட்டாய். "சுவரப் பாத்தாலே எனக்கு ஆளு ஞாபகம் வந்திரும்டி" என்பாய். உனக்கு வரும். எனக்கு ஒரு மண்ணும் வராது. இன்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, இது யார் வீட்டு அடுப்பு, இது யார் வீட்டு ஜன்னல் என்று முழித்துக்கொண்டிருந்தேன்.

நீ கடைசியாக வரைந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இன்று நான் ஒரு சுவர் வரைந்தேன். அது எப்படி வந்தது என்று உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நீ போன பிறகு கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் முதலில் உன்னைத்தான் கேட்டார்கள். "அந்த அக்கா இல்லீங்களா?" இல்லை என்றால் விடுவார்களா? எங்கே போனார்கள், எப்போது வருவார்கள் என்று அடுத்த கேள்வி. ஒவ்வொரு தடவையும் என் வாயால் உன்னைச் சாகடிக்க வேண்டியிருந்தது. கேட்டதும் பாதிப் பேர் கொண்டுவந்த படத்தைத் திரும்ப உறையில் போட்டுக்கொண்டு, "பொறகு வாரோம்" என்று போய்விட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. எனக்கு உன் மேல்தான் கோபம்.

வத்தளையில் இருக்கும் என் அக்காவைத்தான் உனக்குத் தெரியுமே. "தனியா கெடந்து என்னாத்துக்கு அல்லாடுற, இங்க வந்து என்னோட துணிக் கடையில நில்லு" என்று ஒரே பிடி. பொங்கல் வரைக்கும் பார்க்கிறேன், அதற்குள் கடை தலையெடுக்காவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்தக் கெடுவுக்குள் கடையைக் காப்பாற்றத்தான் வெப்சைட் ஒன்று செய்தேன். கொழும்பிலிருக்கும் ஒரு பெண் அழகாகச் செய்து கொடுத்தாள். எனக்கு உன்னைத் தெரியாத ஆட்கள் வேண்டும். "அந்த அக்கா எங்கே" என்று கேட்காத ஆட்கள். அதனால் அதில் உன் பெயரும் இல்லை, படமும் இல்லை. பதினான்கு வருடக் கடையை ஏதோ நான் ஒருத்தியே தூக்கி நிறுத்திய மாதிரி எழுதி வைத்தேன். இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

உன் கேள்வி எங்கே தொடங்கியது என்று ஞாபகம் இருக்கிறதா? கடை திறந்த முதல் வருடம். வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கல்யாணப் படம், ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவு. பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று ஆட்டோ பிடித்து நாம் இருவரும் கொண்டுபோனோம். மாட்டியும் கொடுத்துவிடலாம் என்று சுத்தியலை நான் வாங்கினேன். மூன்றாவது அடியில் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்து நொறுங்கும் சத்தம். லயத்து வரிசையில் ஒரு வீட்டுக் காம்பராவுக்கும் அடுத்த வீட்டுக் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர்தான் என்பது லயத்திலேயே பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். கையில் சுத்தியல் வந்ததும் மறந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அம்மா மாலையோடு ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். "அடிப்பாவிகளா, என் புருசன ரெண்டாந்தடவ சாகடிச்சிட்டீங்களேடி!"

நான் ஓடி ஒளிய இடம் தேடினேன். நீ அவர் வீட்டுக்குள் போய், உட்கார்ந்து, கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாய். மறுநாளே புதுக் கண்ணாடி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அப்போதுதான் அவரிடம் கேட்டாய். "எந்தச் சுவர்லம்மா மாட்டப் போறீங்க?"

அந்த அம்மா கொஞ்ச நேரம் சுற்றிலும் பார்த்தார். பிறகு வாசல் பக்கத்துச் சுவரைக் காட்டினார். "இங்கன மாட்டிக் குடு. கொழுந்துக்குப் போறப்ப சொல்லிட்டுப் போவேன்" என்றார். அடுத்த நாள் இந்தக் கொப்பியை வாங்கிக்கொண்டு வந்தாய்.

அன்றிலிருந்து அளவு கேட்பதற்கு முன்னால், நிறம் கேட்பதற்கு முன்னால், சுவரைத்தான் கேட்பாய். வெளிச் சுவர் என்றால் ஈரம் ஏறிப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். இடைவெளி விட்டுப் போட வேண்டும். அடுப்புப் பக்கம் என்றால் புகை நுழையாமல் பின்னால் ஒட்ட வேண்டும். நடுச் சுவர் என்றால் ஆணியே கூடாது. கூரைச் சட்டத்திலிருந்து கம்பியில் தொங்கவிட வேண்டும். எனக்கு இதெல்லாம் புரியும். புரிந்தும் எரிச்சல் வரும். சுவரைக் கேட்டால் சனம் சுவரோடு நிற்குமா? வீட்டுக் கதை முழுவதும் வரும், தேநீர் ஆறும், வெட்டி வைத்த கட்டை அப்படியே கிடக்கும். "நீ பிரேம் போடுறியா, சுவருக்கு மாப்பிள்ளை பாக்குறியா?" என்று கத்துவேன். நீ கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, "படத்த நாமளா தெனமும் பாக்கப் போறோம்? அவுங்கதானேடி" என்பாய். நான் கட்டையை வெட்டப் போய்விடுவேன்.

போன போயாவன்று, பௌர்ணமி விடுமுறைதானே, கடையைப் பூட்டிவிட்டு நம் சிறுதொழில் கூட்டாளிகளைக் கூப்பிட்டேன். யாராவது புதிதாக ஒன்று தொடங்கினால் மற்றவர்கள் வாடிக்கையாளர் மாதிரி அதைச் செய்து பார்த்து முகத்துக்கு நேரே குறை சொல்ல வேண்டும், தொடங்கியவர் பதில் பேசாமல் தேநீர் மட்டும் ஊற்ற வேண்டும் என்று சட்டம் போட்டவளே நீதான். என் வாய்க்குப் பயந்து போட்ட சட்டம் என்று எனக்கு அப்போதே தெரியும். ஹட்டனில் தையல் கடை வைத்திருக்கும் ராணி அக்கா வந்தார். தலவாக்கலையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் செல்வா அண்ணன் வந்தார். நானுஓயாவில் பூக்கன்று விற்கும் நிலூகா ஒரு தொட்டிச் செடியோடு வந்தாள். வெளியே மழை. உளுந்து வடையும் போட்டு வைத்திருந்தேன், வாயை அடைப்பதற்கு.

வாய் அடைபடவில்லை. செல்வா அண்ணன் போனைக் கையில் எடுத்த உடனேயே தொடங்கினார்.

"ஏம்மா தனம், பிரேமுக்குள்ள எல்லாம் வெள்ளக்காரக் குடும்பமா இருக்கு? அது போகட்டும், இந்த நாய் யாரு?"

மாதிரிக்கு அந்தக் கொழும்புப் பெண் போட்டு வைத்த படங்கள். எனக்கு அது கண்ணில் படவே இல்லை. தேநீர் ஊற்றினேன்.

"என்கிட்ட வா, நம்ம சனத்தோட படம் நூறு இருக்கு. அவுங்ககிட்டக் கேட்டு வாங்கித் தாரேன்" என்றார் அண்ணன்.

ராணி அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தார். "கூடையில் சேர்க்கவும்னு போட்டிருக்கு. என்னாத்துக்குக் கூடையில போடணும்? கொழுந்தா பறிக்கிறோம்?" நிலூகா வடையோடு சிரித்துப் புரையேறினாள். நான் அவளுக்கும் ஊற்றினேன்.

பிறகு ராணி அக்கா தன் மகள் பட்டம் வாங்கிய படத்துக்கு உண்மையிலேயே ஓர் ஓர்டர் போட்டுப் பார்த்தார். அளவைத் தட்டினார். கறுப்பு நிறத்தைத் தட்டினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, நன்றி என்று வந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் பெருமை. அக்கா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவ்வளவுதானா? என்கிட்ட ஒண்ணுமே கேக்கலியே."

சட்டத்தை மறந்து வாயைத் திறந்தேன். "அளவு கேட்டுச்சே அக்கா. நெறம் கேட்டுச்சே."

"அது படத்தப் பத்தி. அந்தப் புள்ள இருந்தா எந்தச் சுவருன்னுல்ல கேட்டிருக்கும்."

ராணி அக்கா போனை மேசையில் வைத்தார். நிலூகா மெதுவாகக் கேட்டாள். "ஷோக்கா இருக்கு தனம். ஆனா இது ஒங்க ரெண்டு பேர் கடை தானே? மத்த ஆள் எங்க?"

உன்னைக் கேட்காத ஆட்கள் வேண்டும் என்று செய்த பக்கத்தில், முதன்முதலாகப் பார்த்தவர்களே உன்னைக் கேட்டார்கள். எனக்கு வந்ததே ஒரு கோபம். "அவ செத்துட்டா. செத்தவள வச்சு நான் யாவாரம் பண்ணணுமா?" என்று கத்திவிட்டுத் தேநீர்ப் பானையோடு பின்னால் போய் நின்றேன். நீ பிரேம் மூலைத் துண்டுகளை மாதிரிக்கு மாட்டி வைத்த பலகைக்கு முன்னால். அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ராணி அக்கா வந்து பானையை என் கையிலிருந்து வாங்கினார். "அவள வச்சு யாவாரம் பண்ணச் சொல்லல புள்ள. அவ கேட்டத நீ கேளுன்னுதான் சொல்றோம்" என்றார்.

மறுநாள் கொழும்புப் பெண்ணை அழைத்தேன். நாயை எடு, கூடையை எடு, ஓர்டர் படிவத்தில் முதல் கேள்வியாக "எந்தச் சுவரில் மாட்டப் போறீங்க?" என்று போடு, அதை எழுதாமல் அடுத்த பக்கம் போகக் கூடாது என்றேன். அவள் பாவம், நல்லதைத்தான் சொன்னாள். "அக்கா, எழுதச் சொன்னா ஆக்கள் பாதியிலேயே போயிருவாங்க. விருப்பம்னா எழுதட்டும்னு விடுவோமே." நான் விடவில்லை. என்னைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தில் 'நான்' என்றிருந்த இடத்தில் எல்லாம் 'நாங்கள்' என்று மாற்றச் சொன்னேன். கடைசியில் ஒரு வரி: இந்தக் கேள்வி என் கூட்டாளியுடையது.

அவள் சொன்னபடியே நடந்தது. வந்தவர்கள் எத்தனை பேர் என்று போனில் தெரியும். வருவார்கள், முதல் கேள்வியைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். ஒரு வாரம். இரண்டு வாரம். பொங்கலுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. நேற்று உன் கேள்வியை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். வத்தளை அக்காவிடம் என்ன சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டுதான் இன்று கடையைத் திறந்தேன்.

போனில் ஓர் ஓர்டர் வந்திருந்தது. கொழும்பில் வேலை செய்யும் பெண் ஒருத்தி. வீடு தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டம். படத்தில் அவளும் அண்ணன் தம்பிகளும், நாலு பேர். சுவரைப் பற்றிக் கேட்ட இடத்தில் இப்படி எழுதியிருந்தாள்:

"நடுச் சுவருங்க. அம்மா கட்டிலுக்கு நேரா. விழுந்து இடுப்பு ஒடஞ்சதுல இருந்து அம்மா படுக்கையிலதான். நாங்க நாலு பேரும் வெளியூர்ல. படுத்தபடியே அவுங்களுக்கு எங்க மொகம் தெரியணும். ஆனா ஆணி அடிக்க ஏலாது. பக்கத்து வீட்ல சாமிப் படம் இருக்கு, விழுந்திரும். என்னா செய்யலாம்னு நீங்கதான் சொல்லணும்."

சாமிப் படம் விழும் என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். கடையில் தனியாக நின்று, சத்தமாக. சிரித்து முடிப்பதற்குள் நீ கடைசியாகப் படுத்திருந்த நுவரெலியா ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிட்டது. உன் கட்டிலுக்கு எதிரே வெறும் சுவர், உச்சியில் ஒரு கடிகாரம். கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாய்: "கடிகாரத்தக் கூட நிக்கிறவங்களுக்குத்தான் மாட்டிருக்காங்கடி. படுத்திருக்கிறவங்களுக்கு இங்க ஒண்ணுமே இல்ல." அன்றைக்கு அதைக் காதில் வாங்காமல் உனக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்த பழத்தை நீ தின்னவும் இல்லை.

இன்று அது காதில் விழுந்தது. கொப்பியை எடுத்து அந்தச் சுவரை வரைந்தேன். கட்டில், ஜன்னல், மேலே கூரைச் சட்டம். சட்டத்திலிருந்து இரண்டு கம்பி, படத்தின் தலை முன்னால் சாய்ந்து கட்டிலைப் பார்க்கிற மாதிரி. வழக்கமாக மாட்டும் உயரத்தை விட இரண்டு அடி கீழே. உன்னைப் போல் கோடு நேராக வரவில்லை. கட்டில் கொஞ்சம் படகு மாதிரி இருக்கிறது. இருக்கட்டும். பெயர் எழுதவில்லை.

வத்தளை அக்காவுக்குப் போன் எடுத்தேன். பொங்கலுக்கு நீ இங்கே வா, நான் அங்கே வரவில்லை என்றேன். "ஒரு ஓர்டர வச்சுக் கட நடக்குமாடி?" என்று கேட்டாள். நடக்காது. எனக்கும் தெரியும். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத ஒருத்தி இருக்கிறாள் என்றால் இன்னும் இருப்பார்கள். சாவி என்னிடமே இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

நாளைக்குக் காலை பஸ்ஸில் அந்தத் தோட்டத்துக்குப் போகிறேன். அளவு நாடாவும் கொப்பியும் பையில் இருக்கின்றன. சுத்தியலை எடுத்து வைக்கவில்லை. அந்த அம்மா விட்டால், அவர் பக்கத்தில் ஒரு நிமிடம் படுத்து, அவர் தலையணையிலேயே தலை வைத்துப் பார்க்கப் போகிறேன். அதற்குப் பிறகுதான் கம்பியின் நீளத்தைக் குறிப்பேன்.