நீ சொல்ல, நான் எழுதிய கடிதம்

வியாழக்கிழமை காலை கீழ்வீட்டு ஷமீமா தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் நீ எழுதிய கடிதம் இருந்தது. நீ செத்துப் பதினாலு மாதம் ஆகிறது.

உன் கையெழுத்து இல்லை. யாரோ கணினியில் அடித்து, படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். ஆனால் வரிகள் உன்னுடையவை. "எங்கள் குடும்பச் சூழ்நிலை காரணமாக, எவருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனதுடன், என் மகளின் மாற்றுச் சான்றிதழைக் கேட்டுப் பெற்றுக்கொள்கிறேன்." பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே பள்ளிக்கூடத்தில் இதே வரியை நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அன்றைக்கு மகன், இன்றைக்கு மகள். வேறு எதையும் அவர்கள் மாற்றவில்லை.

"அக்கா, இத்தப் பார்த்து எழுதி நாளைக்கு எடுத்தாரச் சொல்லிட்டாங்க. என் எழுத்து எனக்கே புரியாது. நீங்க எழுதிக் குடுங்க, நான் கையெழுத்து மட்டும் போட்டுக்கறேன்" என்றாள் ஷமீமா. கண் இரண்டும் வீங்கியிருந்தன. அவள் பெண் பத்தாம் வகுப்பு. பையில் ஊதுகிற சாமான் ஒன்று கிடைத்ததாம். பார்த்தால் பேனா மாதிரி இருக்கும், இழுத்தால் மாம்பழ வாசனை வரும், அதற்குள் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. ஷமீமா பெண்ணை அறைந்துவிட்டு, அப்புறம் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறாள். வீட்டுக்காரர் படிப்பை நிறுத்திவிட்டு வாணியம்பாடிக்கு அவருடைய அக்காவிடம் அனுப்பிவிடலாம் என்கிறார். மூன்று நாளாக அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு ஒரு நாள் எழுதுவேன் என்று நினைத்ததே இல்லை. 'அன்புள்ள' என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

அன்பு இல்லாமல் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. நீ தமிழ் டீச்சராகி, அதே பள்ளியில் சூப்பர்வைசர் ஆனாய். நான் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மயிலாப்பூர் குளக்கரையில் சந்திப்போம். மாட வீதியில் கீரைக்காரியிடம் நான் பேரம் பேசுவேன், நீ பக்கத்தில் நின்று சிரிப்பாய். "உனக்கு வாய் நீளம், எனக்குக் காது நீளம். அதனாலதான் நமக்குள்ள ஒத்துப்போகுது" என்பாய். அந்தக் காதை நம்பித்தான் நான் கெட்டேன்.

துவைக்கப் போட்ட என் மகன் சட்டைப் பையில் அந்த மாத்திரை அட்டை கிடைத்தது. வலிக்குப் போடுகிற மாத்திரை. பத்தில் ஏழு காலி. பதினாறு வயசுப் பையனுக்கு அப்படி என்ன வலி? என் வீட்டுக்காரரிடம் சொன்னால் பெல்ட்டை உருவுவார் என்று தெரியும். அதனால் அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நேராக உன் வீட்டுக்கு வந்தேன். நீ அடுப்படியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாய். அட்டையைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாய். "யார்கிட்டயும் சொல்லாதே. நான் பாத்துக்கறேன்டி. அவன் எனக்கும் பிள்ளைதான்" என்றாய். வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சமைத்தேன்.

மறுநாள் இரண்டாவது பீரியடில் நீ பி.டி. மாஸ்டரோடு அவன் வகுப்புக்குள் போனாய். எல்லாப் பையையும் பார்க்கவில்லை. மூன்றாவது பெஞ்சுக்கு நேராகப் போய் அவன் பையை மட்டும் எடுத்துக் கொட்டினாய். அத்தனை பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜாமெட்ரி பாக்ஸில் இன்னொரு அட்டை இருந்தது.

பதினொரு மணிக்குக் கவுண்டருக்குப் போன் வந்தது. ஓடி வந்தேன். தாளாளர் அறையில் அவருக்குப் பக்கத்தில் கோப்போடு நின்றுகொண்டிருந்தாய். "உட்காருங்க மேடம்" என்றாய். முப்பது வருஷ சிநேகத்தில் நீ என்னை 'ங்க' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். தாளாளர் நல்லவர் மாதிரி பேசினார். பள்ளிக்கூடத்தின் பேர் கெட்டுவிடக் கூடாது, நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டு போனதாக இருந்தால் பையனுக்கும் நல்லது, போலீஸ் கீலீஸ் என்று ஆகாது. நீ வெள்ளைத்தாளை என் முன்னால் நகர்த்தி, பேனா மூடியையும் கழற்றிக் கொடுத்தாய். டிக்டேஷன் போடுவதுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாய். கவுண்டருக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், "படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்கிறவள் நான். அன்றைக்குப் படிக்காமலேயே போட்டேன்.

சான்றிதழில் 'நடத்தை: நன்று' என்று எழுதியிருந்தது. என்ன பெருந்தன்மை உங்களுக்கு. அக்டோபர் மாதத்தில் பதினொன்றாம் வகுப்பை விட்டு வருகிற பையனின் நடத்தை 'நன்று' என்றால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் தெரியும். மந்தைவெளியிலிருந்து அடையாறு வரைக்கும் படி ஏறினேன். ஒவ்வொருவரும் தேதியைப் பார்த்தார்கள், 'நன்று'வைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். இடம் இல்லை என்றார்கள்.

அதே மாதம் உங்கள் மைதானத்தில் போதை எதிர்ப்பு உறுதிமொழி எடுத்தீர்கள். போலீஸ் அதிகாரி வந்தார், சால்வை போட்டீர்கள். மதில் சுவருக்கு இந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பில் நான் நின்றேன். மைக்கில் உன் குரல் கணீரென்று கேட்டது. போதையை ஒழிப்போம் என்று நீ சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். என் பையன் அப்போது வீட்டில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தான். பஸ் வந்தது, ஏறினேன்.

பள்ளிக்கூடம் இல்லாத பையன் பகலில் எங்கே போவான்? பட்டினப்பாக்கம் மணலில் அவனை மாதிரி நாலு பேர் கிடைத்தார்கள். மாத்திரையோடு நின்றிருக்க வேண்டியது ஊசி வரைக்கும் போனது. தன்னை யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று பக்கத்து பெஞ்சுப் பையனைச் சந்தேகப்பட்டு, தெருவில் மடக்கி அடித்தான். அந்தப் பையன் தேமே என்று ஒன்றும் தெரியாமல் நின்றான். காட்டிக்கொடுத்தவள் நான், வீட்டில் அவனுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. நாலு வருஷம் ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி. பெல்ட்டை உருவிய மனுஷர் கடைசியில் மகன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துத் தூங்கினார். இன்றைக்கு அவன் தி. நகர் ஜவுளிக்கடைகளில் லிஃப்ட் பழுது பார்க்கிறான். சைதாப்பேட்டையில் அறை. எட்டு வருஷமாக எதையும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வருவான்.

உன்னைச் சும்மா விட்டேன் என்று நினைக்காதே. என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன். ஆப்பிள் பையோடு இரண்டு தடவை என் வீட்டு வாசலில் நின்றாய். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தும் நான் கதவைத் திறக்கவில்லை. ஒருநாள் பார்சலோடு என் கவுண்டர் வரிசையில் வந்தாய். உன் முறை வந்ததும் பலகையைத் திருப்பி வைத்துவிட்டு எழுந்து போய் டீ குடித்தேன். திரும்பி வந்தபோதும் அதே இடத்தில் நின்றாய், அந்த பவ்யம் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. உன் பெண் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. 'பெறுநர் வாங்க மறுத்தார்' என்று சிவப்பு மையில் நானே எழுதித் திருப்பி அனுப்பினேன். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் அவ்வளவு ஆசையாக நான் எதையும் எழுதியதில்லை.

நீ அடையாறு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டபோதும் வரவில்லை. உனக்கு வலிக்கட்டும் என்று நினைத்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது, நினைத்தேன். நீ போன அன்று என் மகன் வந்து மாலை போட்டுவிட்டு, தூக்கவும் கை கொடுத்தானாம். நான் அன்றைக்கு லீவு கூடப் போடவில்லை.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். ஷமீமாவின் பெண் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். "ஆன்ட்டி, என் கிளாஸ்ல நெறைய பேர்கிட்ட இருக்கு. என் பையை மட்டும்தான் பார்த்தாங்க" என்றாள். ஏன் உன் பையை மட்டும் என்று நான் கேட்கவில்லை. ஷமீமாவைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ யார்கிட்டயாவது சொன்னியா?" என்று மட்டும் கேட்டேன். அவள் தலை குனிந்தாள். "கிளாஸ் மிஸ்கிட்டதான்க்கா. நல்லவங்க. கொஞ்சம் புத்தி சொல்வாங்கன்னு..." என்றாள். கடிதம் எழுத வேண்டாம், நாளைக்கு நானும் வருகிறேன் என்றேன்.

தாளாளர் நாற்காலியில் இப்போது அவர் மகன். தலைமை ஆசிரியை சின்னப் பெண், உன்னிடம் படித்தவளாம். வெள்ளைத்தாள் தயாராக இருந்தது. ஷமீமா பேனாவைத் தொடப் போனாள். நான் தாளைத் திருப்பி அவர்கள் பக்கம் தள்ளினேன்.

"நீங்க எழுதுங்க மேடம். இந்தப் பொண்ணு பையில இது கிடைச்சுது, அதுக்காக வெளிய அனுப்பறோம், அனுப்பறதுக்கு முன்னாடி அவளுக்கு இன்ன உதவி பண்ணோம்னு எழுதுங்க. கீழே கையெழுத்து, பள்ளி முத்திரை. வாங்கிட்டு இப்பவே போயிடறோம்."

"அப்படியெல்லாம் எழுத முடியாதுங்க. எல்லா ஸ்கூல்லயும் இதுதான் நடைமுறை. குழந்தையோட எதிர்காலத்துக்காகத்தான் சொல்றோம்" என்றான் சின்னவன்.

"உங்களால எழுத முடியாததை இவ மட்டும் எதுக்கு எழுதணும்?"

சின்னவன் தலைமை ஆசிரியையைப் பார்த்தான். நான் குரலை உயர்த்தவில்லை. கத்துகிறவர்களைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை, முத்திரை குத்திய காகிதத்துக்குத்தான் பயப்படுவார்கள் என்று கவுண்டரில் கற்றிருக்கிறேன். "சரி, இன்னைக்கு இங்க பேசினதை நானே எழுதறேன். பதிவுத் தபால்ல, ஒப்புகைச் சீட்டோட. உங்களுக்கு ஒண்ணு, கல்வி அதிகாரிக்கு ஒண்ணு. வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்பினா அதுவும் ரெக்கார்டுல வரும்" என்றேன். தலைமை ஆசிரியை தாளை எடுத்து மேசை டிராயருக்குள் வைத்தாள். பெண் ஒரு வாரம் வீட்டில் இருக்கட்டும். அப்புறம் செவ்வாய்க்கிழமைதோறும் அம்மாவோடு வந்து ஆலோசகரைப் பார்க்கட்டும். பரீட்சை இங்கேயே எழுதட்டும் என்று முடிந்தது. மனசு மாறிச் செய்யவில்லை, பயந்துதான் செய்தார்கள். பயமே போதும் எனக்கு.

வெளியே வந்ததும் ஷமீமா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. உன் கடிதத்தை, நீ அதை என்னை எழுதவைத்த அறையிலேயே தோற்கடித்தேன் என்ற சந்தோஷம் எனக்கு. நீ இருந்து பார்த்திருக்க வேண்டும். அந்த ஒன்றுக்காகவாவது நீ இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்.

ஆனால் கணக்கு அதோடு தீரவில்லை. நீ போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மகன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். ஆஸ்பத்திரியில் உன்னை அவன் இரண்டு தடவை வந்து பார்த்தானாம். எனக்கு அதுவரை தெரியாது. "என்கிட்ட மன்னிப்பு கேட்டாங்கம்மா. யாரும் போட்டுக் குடுக்கலையாம். நான் நடந்து போறதைப் பார்த்து அவங்களுக்கே சந்தேகம் வந்து பையைப் பார்த்தாங்களாம். அம்மாவுக்கு அன்னைக்கு வரைக்கும் ஒண்ணுமே தெரியாது, பாவம்னு சொன்னாங்க" என்றான். அடுத்த வாரமே அந்தப் பழைய பெஞ்சுக்காரனைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். உன்னைப் பற்றிப் பேசும்போது அவன் முகம் இளகுகிறது. நான் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

யார் கேட்டார்கள் உன்னை? சாகும்போது ஒரு பொய் சொல்லி, என் தப்பையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். அவனுக்கு நீ நல்லவளாகிவிட்டாய், நான் பாவமாகிவிட்டேன். பன்னிரண்டு வருஷம் உன்மேல் வளர்த்த கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது? ஷமீமா தலை குனிந்து நின்றதைப் பார்த்ததிலிருந்து மூன்று நாளாக இதையேதான் யோசிக்கிறேன்.

இன்றைக்கு ஞாயிறு. ஒரு மணிக்கு வருவான். தட்டில் எதையும் வைப்பதற்கு முன்னால் சொல்லிவிடப் போகிறேன், அந்த அட்டையை எடுத்துக்கொண்டு போய் உன்னிடம் காட்டியது நான்தான் என்று. உன்னை அவன் மனதில் அப்படியே விட்டுவைக்க எனக்கு இஷ்டமில்லை. அவன் எழுந்து போகலாம். அடுத்த வாரம் வராமல் இருக்கலாம். கையில் கிடைத்ததை விட்டெறியலாம். எறியட்டும். அவன் கோபப்பட வேண்டியவள் உயிரோடு, அவன் எதிரில் உட்கார்ந்திருப்பாள். எனக்கு நீ அதைக்கூட வைக்காமல் போய்விட்டாய்.